'பெண்கள் பக்கம்' யார் போட்ட பக்கம்? பெண் பத்திரிகையாளர் வரலாறு பற்றிப் பேசலாம்

நடுப்பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி இது. துறையில் இருந்தவர்களும் நிறையப் படித்தவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

பெண்களும் பத்திரிகையும் என்று எடுத்தாலே இரண்டு தனிக் கதைகளாகத்தான் எழுதுகிறார்கள். ஒன்றில் துணிச்சலான பெண் நிருபர்கள் வருவார்கள்: போர்முனைக்குப் போனவர், மாறுவேடம் போட்டவர், உலகம் சுற்றியவர். இன்னொன்றில் மகளிர் இதழ்கள் வரும்: தையல், சமையல், குழந்தை வளர்ப்பு. முதல் கதையைப் பெருமையாகச் சொல்வார்கள், இரண்டாவதைக் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே கதையாகத்தான் தெரிகிறது. எழுதும் பெண்ணுக்கு எந்த மேசை என்பதையும் படிக்கும் பெண்ணுக்கு எந்தச் செய்தி என்பதையும் தீர்மானித்தது ஒரே நாற்காலிதான்.

தொடக்கத்தையே பாருங்கள். 1693-ல் லண்டனில் ஜான் டன்டன் என்ற பதிப்பாளர் 'லேடீஸ் மெர்குரி' என்று ஓர் இதழ் போட்டார். பெண்களுக்கென்றே வந்த முதல் இதழாக அதைத்தான் சொல்வார்கள். காதல், கல்யாணம், நடத்தை பற்றிக் கேள்வி அனுப்பலாம், பதில் அச்சாகும். நான்கு இதழோடு நின்றுவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து, 1702 மார்ச்சில், அதே லண்டனில் ஆங்கிலத்தின் முதல் நாளேடான 'டெய்லி கூரன்ட்' வந்தது. ஒற்றைத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, உள்ளே வெளிநாட்டுச் செய்திகள். கொண்டுவந்தவர் எலிசபெத் மாலெட். பெயரை 'இ. மாலெட்' என்று மட்டும் போட்டுக்கொண்டார். செய்தியைத் தருகிறேன், கருத்தைச் சேர்க்க மாட்டேன், யோசித்துக்கொள்ளும் அறிவு வாசகருக்கு உண்டு என்று தன் கொள்கையையும் எழுதி வைத்தார்.

பெண்களுக்கு என்ன வேண்டும் என்று ஓர் ஆண் முடிவு செய்தார். ஒரு பெண்ணோ, பெயரை மறைத்துக்கொண்டு எல்லோருக்கும் செய்தி கொடுத்தார். இது அதற்கப்புறமும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 'இது பெண்களுக்கான செய்தி' என்று பிரித்தது யார், எதற்காகப் பிரித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அச்சுக்கோப்பு

விளம்பரதாரர்தான். இதற்குச் சுற்றி வளைக்கவே வேண்டாம்.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற மாத இதழுக்கு சாரா ஜோசஃபா ஹேல் 1837 முதல் 40 வருஷம் ஆசிரியர். பெண்கள் படிக்க வேண்டும், மருத்துவராக வேண்டும் என்று விடாமல் எழுதியவர். 1860-ல் ஒன்றரை லட்சம் பிரதி போனது. ஆனால் உரிமையாளர் லூயிஸ் கோடி அரசியல் கூடாது என்று சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் உள்நாட்டுப் போர் வெடித்தது. வாசகிகளின் கணவரும் மகனும் அண்ணன் தம்பியும் செத்துக்கொண்டிருந்த அந்த நான்கு வருஷமும் இதழ் போரைப் பற்றி வாயே திறக்கவில்லை. சந்தாதாரர் வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. யாரையும் இழக்கக் கூடாது. பெண்களுக்கு அரசியல் பிடிக்காது என்று பிற்பாடு சொன்னார்களே, அது எங்கிருந்து வந்தது என்று இதைப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்'. சைரஸ் கர்ட்டிஸ் நடத்திய வேளாண் இதழில் அவர் மனைவி லூயிசா நாப் கர்ட்டிஸ் எழுதிய பெண்கள் பத்தி இணைப்பாக வளர்ந்து, 1883-ல் தனி இதழானது. லூயிசாதான் ஆசிரியர். 1889-ல் எட்வர்ட் போக் வந்து 30 வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்தார். 1903-ல் பத்து லட்சம் சந்தாவைத் தொட்டார்கள். சோப்பு, அடுப்பு, துணி, டப்பா உணவு விற்கிறவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் ஏது? வீட்டுச் செலவைப் பார்ப்பது பெண் என்று கண்டுபிடித்தவுடன் அவளுக்கென்று பக்கம் வந்துவிட்டது. அவளுக்கு ஓட்டு வேண்டும் என்பதை மட்டும் போக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சந்தாதாரர்

சார், நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அதே 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' 1892-லேயே பேடன்ட் மருந்து (உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் கடையில் விற்ற மருந்து) விளம்பரங்களை வாங்க மாட்டோம் என்று நிறுத்தியது. அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்குப் பெரிய வருமானமே அதுதான்.

லிடியா பிங்க்கம் கதை தெரியுமா? பெண்களின் உடல்நலத்துக்கு என்று ஒரு டானிக் விற்றார்கள். 'திருமதி பிங்க்கமுக்கு எழுதுங்கள், ஒரு பெண் உங்கள் கடிதத்தைப் படிப்பார்' என்கிற ரீதியில் விளம்பரம் வரும். வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாத பெண்கள் நம்பி அந்தரங்கத்தையெல்லாம் எழுதினார்கள். 1905-ல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அந்த விளம்பரத்தையும் அந்த அம்மாளின் கல்லறைப் புகைப்படத்தையும் சேர்த்து அச்சிட்டது. அவர் இறந்தது 1883-ல். 22 வருஷமாகச் செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று வாசகிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. 1906-ல் அமெரிக்காவில் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டம் வந்ததில் இந்த மாதிரி எழுத்துக்குப் பங்கு உண்டு.

இதைவிடப் பெண்களுக்கு முக்கியமான புலனாய்வுச் செய்தி எது? அது வந்தது தையல் வடிவம் போடும் ஓர் இதழில். அதனால் மகளிர் இதழ் என்றாலே சோப்பு விற்கும் கடை என்று ஒதுக்காதீர்கள்.

இரவுப்பணி

டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்திப் பக்கம் கட்டும் பிரிவில், பல வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளேட்டில் இரவு எடிஷன் கேட்டேன். முதல் பக்கம் கட்டுவது அங்கேதான். 'இரவில் உங்களை வீட்டில் விட வண்டி இல்லை' என்றார்கள். பக்கத்து மேசைப் பையனுக்கு வண்டி கேட்காமலே இரவுப் பணி கிடைத்தது. என்னை வாராந்தர மகளிர் இணைப்புக்கு அனுப்பினார்கள். இரவில் வேலை பார்க்காதவர் செய்தி ஆசிரியராக முடியாது என்பது அங்கே எழுதாத விதி. ஒரு வண்டி இல்லாததால் ஒரு பெண்ணின் பதவி உயர்வு நின்றுபோகும் என்பதை நான் வாழ்ந்து பார்த்தேன். அதனால்தான் பிரான்ஸின் 'லா ஃப்ரோந்த்' பற்றிப் படித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மார்கெரித் துரான் 1897 டிசம்பர் 9-ல் பாரிஸில் தொடங்கிய நாளேடு அது. ஆசிரியர், நிருபர் மட்டும் இல்லை, அச்சுக்கோப்பவர்கள் வரைக்கும் பெண்கள். ஆண் அச்சுக்கோப்பவருக்கு என்ன கூலியோ அதே கூலி. இப்போது கவனியுங்கள்: 1892-ல் வந்த பிரெஞ்சுச் சட்டப்படி பெண்கள் இரவில் தொழிற்கூடத்தில் வேலை பார்க்கக் கூடாது. பெண்களின் பாதுகாப்புக்காக என்று கொண்டுவந்த சட்டம். காலை நாளேடு என்றால் எழுத்தை இரவில்தானே கோக்க வேண்டும்? துரான் அந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டேதான் பேப்பரை வெளியே கொண்டுவந்தார். நாடாளுமன்றத்துக்குள் போய்ச் செய்தி எடுக்கக்கூட அவருடைய நிருபர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? அரசியல், நிதி, விளையாட்டு, நீதிமன்றம். யூத ராணுவ அதிகாரி ஒருவர் மீது பொய்யாகத் தேசத்துரோகம் சுமத்திய டிரைஃபஸ் வழக்கு நாட்டையே இரண்டாக்கியபோது, 1899-ல் ரென் நகர விசாரணையிலிருந்து பெண் பத்திரிகையாளர் செவரின் எழுதியவை அதில்தான் வந்தன. அந்தக் காலத்தின் கனமான நாளேடு 'லெ தாம்'. இதைப் 'பாவாடை கட்டிய லெ தாம்' என்றார்கள். கேலியாகச் சொன்னார்களோ என்னவோ, தரத்தை ஒப்புக்கொண்டுதான் சொன்னார்கள்.

இதன் பக்கத்தில் லண்டன் 'டெய்லி மிரர்' பத்திரிகையை வையுங்கள். 1903 நவம்பர் 2. ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் கனவான் வீட்டுப் பெண்களுக்கென்று தொடங்கினார். மேரி ஹோவார்த் ஆசிரியர், மற்றவர்களும் பெரும்பாலும் பெண்கள். முதல் நாள் இரண்டரை லட்சத்துக்கு மேல் விற்றது. சில மாதத்திலேயே 25,000 அளவுக்கு வந்துவிட்டது. ஹாமில்டன் ஃபைஃப் ஆசிரியராக வந்தார், பெண்களை வீட்டுக்கு அனுப்பினார், பேப்பரைப் படச் செய்தித்தாளாக மாற்றினார். பெண்களால் பேப்பர் நடத்த முடியாது, பெண்கள் பேப்பர் படிக்க மாட்டார்கள் என்று ரொம்ப நாளைக்கு உதாரணம் காட்ட இது பயன்பட்டது. முதலாளி கற்பனை செய்த ஒரு வாசகிக்காகப் பேப்பரைப் போட்டுவிட்டு, நிஜ வாசகி வாங்கவில்லை என்று வேலை செய்த பெண்களைத் தண்டித்தால் எப்படி?

சந்தாதாரர்

'லா ஃப்ரோந்த்' பத்திரிகையும் 1903-ல் நாளேடாக வருவது நின்றுவிட்டதே அக்கா. மாத இதழாக இழுத்து 1905-ல் முடிந்தது. காசு போதவில்லை.

இரவுப்பணி

தெரியும் தம்பி. ஆறு வருஷம் தினமும் வந்தது. அந்தக் காலத்துப் பாரிஸில் முளைத்து மறைந்த ஆண்கள் நடத்திய பேப்பர்களை யாரும் 'ஆண்களால் முடியாது' என்பதற்கு உதாரணமாக எடுப்பதில்லை.

மைப்புட்டி

நிருபர்கள் பக்கம் கொஞ்சம் வருவோம். அமெரிக்க நிருபர் நெல்லி பிளை பற்றிச் சொல்லும்போது எல்லோரும் 72 நாளில் உலகம் சுற்றியதைச் சொல்வார்கள். அவர் எப்படி உள்ளே வந்தார் என்பதுதான் இந்த இழைக்குத் தேவை.

1885-ல் 'பிட்ஸ்பர்க் டிஸ்பாட்ச்' பத்திரிகையில், பெண்ணுக்கு இடம் வீடுதான் என்று ஒரு பத்தி வந்தது. இருபது வயதே ஆன எலிசபெத் காக்ரன் (நெல்லி பிளை என்பது பிற்பாடு வந்த புனைபெயர்) கோபமாக மறுப்பு எழுதி அனுப்பினார். கையெழுத்து 'தனித்த அனாதைப் பெண்'. கடிதத்தைப் படித்த ஆசிரியர் தேடிக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஆக, நெல்லி பிளை முதலில் ஒரு வாசகி. தொழிற்சாலைப் பெண்களைப் பற்றி எழுதினார். கொஞ்ச நாளில் ஃபேஷன், தோட்டம், நாடகம் என்று பெண்கள் பக்கத்துக்குத் தள்ளினார்கள். மெக்சிகோ போய் எழுதினார். திரும்பி வந்ததும் மறுபடி நாடகம், கலை. 1887-ல் வெறுத்துப்போய் நியூயார்க் கிளம்பினார். அங்கே 'நியூயார்க் வேர்ல்ட்' கொடுத்த வேலை, பைத்தியம் மாதிரி நடித்து பிளாக்வெல் தீவு மனநலக் காப்பகத்துக்குள் போவது.

பத்து நாள் உள்ளே இருந்தார். அவர் எழுதியதில் எனக்கு மறக்காதது அந்த பெஞ்சுகள். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை நேர்முதுகு பெஞ்சில் உட்கார வேண்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது, படிக்க எதுவும் கிடையாது. நல்ல மனநிலையில் உள்ள ஒரு பெண்ணை இரண்டு மாதம் இப்படி உட்கார வைத்தால் அவள் பைத்தியமாகிவிடுவாள் என்கிறார். ஐஸ் மாதிரித் தண்ணீர் வாளி வாளியாகத் தலையில். சிலருக்கு ஆங்கிலம் தெரியாது. அவர்கள் சொல்வதைக் கேட்கக்கூட ஆள் இல்லாமல் உள்ளே தள்ளியிருந்தார்கள். கட்டுரை வந்த பிறகு கிராண்ட் ஜூரி (நீதிமன்றம் அமைக்கும் விசாரணைக் குழு) விசாரித்தது, நகரம் கூடுதல் பணம் ஒதுக்கியது.

இந்த வெற்றிக்கு அப்புறம் மற்றப் பத்திரிகைகளும் இளம்பெண்களை இப்படி ஆபத்தான இடங்களுக்கு அனுப்பி விற்பனையைக் கூட்டின. பக்கத்து அறையில் நகராட்சிச் செய்தி எழுதும் வேலை கேட்டால் மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

ஐடா பி. வெல்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். கறுப்பினப் பெண்; அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் பங்குதாரர், ஆசிரியர். 1892 மார்ச்சில் அவருடைய நண்பர் உட்பட மூன்று கறுப்பினக் கடைக்காரர்களைக் கும்பல் இழுத்துப் போய்க் கொன்றது. வெள்ளைப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள் என்று பழி சொல்லித்தான் இத்தகைய கொலைகளை நியாயப்படுத்துவார்கள். அவர் ஒவ்வொரு வழக்காகத் தோண்டி, அது பொய் என்று எழுதினார். மே மாதம் அவர் ஊரில் இல்லாதபோது அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். திரும்ப வந்தால் கொல்வோம் என்றார்கள். வெளியூரில் இருந்தபடியே எழுதினார். 1895-ல் வந்த அவருடைய அறிக்கையில் எண்களுக்கு வெள்ளையர் பத்திரிகையான 'சிகாகோ ட்ரிப்யூன்' தொகுத்ததையே எடுத்தார், யாரும் மறுக்கக் கூடாது என்பதற்காக. தரவை வைத்துச் செய்தி எழுதுவது புதுசு என்று இப்போது பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். 130 வருஷத்துக்கு முன்பு தலைக்கு மேல் கொலை மிரட்டலை வைத்துக்கொண்டு ஒரு பெண் அதைச் செய்திருக்கிறார். அமெரிக்காவின் பெரிய பத்திரிகை விருதான புலிட்சரின் சிறப்புப் பாராட்டு 2020-ல் வந்தது, அவர் இறந்து 89 வருஷம் ஆன பிறகு.

புதுமுகம்

இதழியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பைத்தான் எடுக்கலாம் என்று இருக்கிறேன், அதனால் எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி: எல்லாம் லண்டன், நியூயார்க், பாரிஸ் என்றே போகிறது. மற்ற மொழிகளில் இதே காலத்தில் எதுவும் இல்லையா?

சந்தாதாரர்

நிறைய உண்டு, தேதிகளைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். அரபு மொழியில் பெண்களுக்கான முதல் இதழ் 'அல் ஃபதாத்', 1892, அலெக்சாண்ட்ரியாவில் ஹிந்த் நவ்ஃபல் தொடங்கியது. உருதுவில் 'தஹ்ஸீபே நிஸ்வான்', 1898, லாகூர்; ஆசிரியர் முஹம்மதி பேகம். 1901-ல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்று ஆங்கிலத்தில் நடத்தினார். வங்காளியில் 'பேகம்' வார இதழ் 1947-ல் கொல்கத்தாவில் தொடங்கி, பிறகு டாக்காவுக்குப் போனது. சுஃபியா கமால் முதல் ஆசிரியர், அப்புறம் நூர்ஜஹான் பேகம் பல பத்தாண்டுகள்.

ஜப்பானில் ஹானி மோட்டோகோ. பிழை திருத்துபவராக நாளேட்டில் சேர்ந்து, தானாகக் கட்டுரை எழுதிக் கொடுத்து நிருபரானவர். அந்த நாட்டின் முதல் பெண் செய்தியாளர் என்று அவரைச் சொல்வார்கள். பின்னால் கணவரோடு சேர்ந்து பெண்களுக்கு இதழ் நடத்தினார். 1904-ல் வீட்டு வரவுசெலவு எழுத ஒரு கணக்குப் புத்தகம் வெளியிட்டார். பெண்ணின் கையில் கணக்கு இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. விளம்பரதாரருக்குப் பெண்ணின் பணப்பை மட்டும்தான் கண்ணில் பட்டது, ஹானி அந்தப் பணத்துக்குக் கணக்கெழுதும் பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

தமிழில் 1905-ல் 'சக்கரவர்த்தினி' மாத இதழ், பெண்களுக்கானது. பாரதியார் அதன் ஆசிரியராக இருந்தார். பெண்ணே ஆசிரியராக இருந்து நீண்ட காலம் தாக்குப்பிடித்தது என்றால் 'ஜகன்மோகினி'. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-ல் அதை ஏற்று நடத்தத் தொடங்கினார். பள்ளிக்கூடம் போகாதவர். தொடக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதிக் கொடுத்தார், அப்புறம் தானே எழுதக் கற்றுக்கொண்டார். நூற்றுக்கு மேல் நாவல்கள், சுதந்திரப் போராட்டத்தில் சிறைவாசம், இதற்கிடையே மாதாமாதம் இதழ். எழுத்து, ஆசிரியர் பொறுப்பு, வெளியீடு மூன்றும் ஒரே பெண்ணின் கையில் 30 வருஷத்துக்கு மேல்.

நடுப்பக்கம்

அருமை. நான் கேட்ட கேள்விக்கு எனக்கே ஒரு பதில் உருவாகிறது. பக்கத்தை யார் நிரப்பினார்கள் என்பதோடு வாசகியின் குரல் அதற்குள் வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பிரிட்டனின் மேரி ஸ்டாட். 1950-ல் அவர் 'மான்செஸ்டர் ஈவினிங் நியூஸ்' டெஸ்க்கில் துணை ஆசிரியர். அடுத்து தலைமைத் துணை ஆசிரியர் பதவிக்கு அவர் முறை வந்துவிடும். அந்த வரிசையில் ஆண்தான் வர வேண்டும் என்று அவரை வெளியே அனுப்பினார்கள். வேலையில் குறை எதுவும் சொல்லவில்லை. இரவுப்பணி அக்காவின் வண்டிக் கதையும் இதுவும் ஒரே ரகம். 1957-ல் 'மான்செஸ்டர் கார்டியன்' நாளேடு (இன்றைய 'கார்டியன்') அவரைப் பெண்கள் பக்கத்துக்கு ஆசிரியராக்கியது. 1972 வரை இருந்தார்.

அந்தப் பக்கத்தில் அவர் செய்தது, வாசகிகளை எழுத வைத்தது. 1960-ல் புறநகர் வாழ்க்கையின் மந்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படித்த பெண்கள் குழந்தையோடு நாள் முழுக்க வீட்டில் அடைந்து, பேச ஆளில்லாமல் இருப்பதைப் பற்றி. உடனே ஒரு வாசகி கடிதம் போட்டார்: புது ஊருக்குக் குடிபோகும் நம்மைப் போன்றவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஒரு பதிவேடு வைத்தால் என்ன? கடிதங்கள் குவிந்தன. அதிலிருந்து நாடு முழுக்க ஒரு பெண்கள் அமைப்பு உருவானது. அடுத்த வருஷம் இன்னொரு தாய், அரசு மழலைப் பள்ளி நடத்தாததால் நாங்களே குழந்தைகளைச் சேர்த்து விளையாட்டுக் குழு நடத்துகிறோம், மற்றவர்களும் செய்யுங்கள் என்று எழுதினார். அதுவும் பெரிய இயக்கமானது.

முதல் பக்கத்தில் வந்த எந்தத் தலைப்புச் செய்தி அத்தனை பெண்களின் தினசரி வாழ்க்கையை மாற்றியிருக்கும்? அரசியல் நிருபருக்கு அது செய்தியாகவே பட்டிருக்காது. பால்புட்டியும் தனிமையும் செய்தி என்று ஒரு பெண் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

அச்சுக்கோப்பு

நல்ல உதாரணம்தான். ஆனால் ஸ்டாட்டின் திறமைக்கு அவரை டெஸ்க்கிலிருந்து தள்ளியிருக்கக் கூடாது. தள்ளின இடத்தில் அவர் நன்றாகச் செய்தார் என்பதால் தள்ளினது சரியாகிவிடாது.

நடுப்பக்கம்

சத்தியமாக இல்லை. ரெண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

மைப்புட்டி

ஒதுக்கிவைத்த இடம் சிலசமயம் கதவையும் திறந்திருக்கிறது. அமெரிக்க அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் 1933 மார்ச்சில் வெள்ளை மாளிகையில் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தத் தொடங்கினார். நிபந்தனை: பெண் நிருபர்கள் மட்டும். பொருளாதார மந்தக் காலம், பத்திரிகைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. பெண்ணை அனுப்பாவிட்டால் செய்தி கிடைக்காது என்றதும் ஒரு பெண்ணையாவது வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 1945 வரை 348 சந்திப்புகள் நடந்தன.

எதிர்ப்பக்கம் பாருங்கள். வாஷிங்டனில் நேஷனல் பிரஸ் கிளப் ஆண்களுக்கு மட்டும். உலகத் தலைவர்கள் மதிய விருந்தில் பேசுவது அங்கேதான். 1955-ல் பெரிய மனசு பண்ணிப் பெண் நிருபர்களைப் பால்கனியில் நிற்க விட்டார்கள். கீழே ஆண் நிருபர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்பார்கள். மேலே நெரிசலில், விளக்குச் சூட்டில் நின்றபடி குறிப்பெடுக்க வேண்டும். சாப்பாடும் இல்லை, கேள்வி கேட்கவும் கூடாது. 1963 ஆகஸ்டில், சம உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்கு இரண்டு நாள் முன்பு, அதன் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் பேசியதும் அங்கேதான். இனப்பாகுபாட்டை எதிர்க்கும் பேச்சைப் பெண்கள் பால்கனியில் நின்று கேட்க வேண்டும் என்பதை அப்போதே பெண் நிருபர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கிளப்பில் உறுப்பினராக 1971-ல்தான் முடிந்தது.

இரவுப்பணி

இந்தியாவிலும் உண்டு. 1965 போரின்போது நிருபர் பிரபா தத் போர்முனைக்குப் போகக் கேட்டார். பெண்ணை அனுப்ப 'இந்துஸ்தான் டைம்ஸ்' மறுத்தது. அவர் லீவு போட்டுவிட்டு எல்லைப் பக்கம் கேம்கரண் போய், அங்கிருந்து செய்தி அனுப்பினார். வந்த செய்தியைப் பேப்பர் போட்டது.

நடுப்பக்கம்

நான் முதலில் சொன்னதற்கு, ரெண்டும் ஒரே கதை என்பதற்கு, ஆதாரம் கேட்டால் 1970 மார்ச்சில் ஒரே வாரத்தைக் காட்டுவேன்.

மார்ச் 16, திங்கள். நியூயார்க்கின் 'நியூஸ்வீக்' வார இதழ் அட்டையில் பெண்கள் எழுச்சி பற்றிய கட்டுரை. அங்கே வழக்கம் என்னவென்றால் ஆண்கள் எழுதுவார்கள், பெண்கள் தகவல் சரிபார்ப்பார்கள். நல்ல கல்லூரிகளில் படித்து வந்த பெண்களுக்கும் அதே கதிதான். இந்த அட்டைக் கட்டுரையைக்கூட உள்ளே இருந்த பெண்களிடம் கொடுக்காமல் வெளியிலிருந்து ஒருவரை எழுத வைத்தார்கள். இதழ் கடைக்கு வந்த அதே நாளில், அலுவலகப் பெண்கள் 46 பேர் வேலைவாய்ப்பு சமத்துவ ஆணையத்தில் புகார் கொடுத்ததாக அறிவித்தார்கள்.

மார்ச் 18, புதன். அதே நியூயார்க்கில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' ஆசிரியர் ஜான் மாக் கார்ட்டரின் அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். 11 மணி நேரம் நகரவில்லை. பெண்கள் இதழுக்குப் பெண் ஆசிரியர் வேண்டும், பெண் ஊழியர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வேண்டும், பெண்களை இழிவாகக் காட்டும் விளம்பரங்கள் வேண்டாம் என்று கோரிக்கைகள். கார்ட்டர் பதவியில் தொடர்ந்தார். ஆகஸ்ட் இதழில் அந்தப் பெண்களே எழுதிய எட்டுப் பக்கம் வந்தது.

திங்கட்கிழமை எழுதுகிறவர்கள் கேட்டார்கள், புதன்கிழமை படிக்கிறவர்களுக்காகக் கேட்டார்கள். அங்கே உட்கார்ந்தவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள்.

இரவுப்பணி

அதே காலத்தில் நடந்த இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம். 1969-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' பெண்கள் பக்கத்தை எடுத்துவிட்டு 'ஸ்டைல்' என்ற வாழ்க்கைமுறைப் பகுதி கொண்டுவந்தது. மற்ற நாளேடுகளும் பின்தொடர்ந்தன. பெண்களைத் தனிப் பக்கத்தில் அடைக்காதீர்கள் என்று கேட்டவர்களுக்கு வெற்றிதான். ஆனால் பல பேப்பர்களில் பெண்கள் பக்க ஆசிரியராக இருந்த பெண்ணின் நாற்காலியும் சேர்ந்து போனது. புதுப் பகுதிக்கு ஆண் ஆசிரியர் வந்தார். குடும்ப வன்முறை, கருத்தடை, சம்பளப் பாகுபாடு பற்றி முன்னாலேயே ஓசையில்லாமல் எழுதி வந்த பெண்கள் பக்கங்கள் இருந்தன. அந்தச் செய்திகள் முதல் பக்கத்துக்கு நகர்ந்தனவா? பல இடத்தில் நகரவில்லை, காணாமல் போயின.

உலகச் செய்தி ஊடகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒன்று 1995 முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பல நாட்டுச் செய்திகளை ஒரே நாளில் எடுத்து எண்ணிப் பார்க்கிறது. செய்தியில் பேசுபவர்கள், பேசப்படுபவர்களில் பெண்கள் 1995-ல் 17 சதவீதம். 2020-ல் 25. தனிப் பக்கத்தை எடுத்தால் எல்லாப் பக்கத்திலும் பெண்கள் வந்துவிடுவார்கள் என்று நம்பினோம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சந்தாதாரர்

அப்படியானால் தனிப் பக்கம் வேண்டும் என்கிறீர்களா அக்கா?

இரவுப்பணி

ஒரு பெண் ஆசிரியராக உட்கார்ந்து, எதைப் போடுவது என்று அவரே முடிவு செய்யும் பக்கம் வேண்டும். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

'கபர் லஹரியா' என்ற பத்திரிகை இருக்கிறதே. 2002-ல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் பக்கம் கிராமத்துப் பெண்கள் தொடங்கியது, பெரும்பாலும் தலித் பெண்கள். ஊராரின் புந்தேலி மொழியில் எழுதினார்கள். உடைந்த கைப்பம்பு, வராத கூலி, பாலியல் வன்முறை, மணல் கொள்ளை. 2009-ல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது வாங்கியது. அப்புறம் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்துக்கு மாறினார்கள். எழுதுவது பெண்கள், படிப்பது ஊர் முழுக்க. எலிசபெத் மாலெட் செய்ததும் இதுதான், இவர்கள் பெயரை மறைக்கவில்லை.

அச்சுக்கோப்பு

புதுமுகம், உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை. பெண் வாசகிகளுக்கான செய்தி என்றால் எல்லோரும் கட்டுரைகளைத்தான் பார்க்கிறார்கள். வேலைவாய்ப்பு வரி விளம்பரங்களைப் பாருங்கள். அமெரிக்க நாளேடுகளில் 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று தனித்தனிப் பத்தியாகத்தான் போடுவார்கள். மேலாளர் வேலை ஒரு பத்தியில், தட்டச்சு வேலை இன்னொன்றில். ஒரு பெண் காலையில் பேப்பரைப் பிரித்ததும் தன் சம்பளத்தின் எல்லையைப் பார்த்துவிடுவாள். 'பிட்ஸ்பர்க் பிரஸ்' நாளேடு இப்படிப் பிரிப்பது எங்கள் பத்திரிகைச் சுதந்திரம் என்று வாதாடியது. 1973-ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தலையங்கத்தில் சமத்துவம் எழுதிய பேப்பர்களும் கடைசிப் பக்கத்தில் இதைச் செய்திருக்கின்றன.

புதுமுகம்

சார், இது நான் யோசிக்காத கோணம். வழிகாட்டியிடம் இப்படிச் சொல்லப் போகிறேன்: ஒரே நாளேட்டின் ஒரே தேதி இதழை எடுத்து மூன்று இடத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது. பெண்கள் பக்கம், வாசகர் கடிதம், வேலை விளம்பரம். 1950, 1960, 1970 என்று பத்தாண்டுக்கு ஒரு வாரம். பைலைனில் (கட்டுரையோடு வரும் எழுதியவர் பெயரில்) பெண் பெயர் எந்தப் பக்கங்களில் வருகிறது என்பதையும் கூடவே குறித்துக்கொள்வேன்.

இரவுப்பணி அக்கா, அந்தக் கால டெஸ்க்கில் யார் எந்தப் பக்கத்தைக் கட்டினார்கள் என்பது அச்சில் இருக்காது. உங்களுக்குச் சம்மதம் என்றால் தனிச்செய்தியில் கேள்விகள் அனுப்பட்டுமா?

இரவுப்பணி

அனுப்பம்மா. என்னோடு இணைப்பு இதழில் இருந்த இன்னும் இரண்டு பேரிடமும் கேட்டு வைக்கிறேன். ஒருவர் ப்ரூஃப் பார்த்தவர், அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.